அசதிக்காய்க் குழம்பு

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், இவ்வளவுதான் இருந்தது. ஒரு தை மாதத்தில் அதோடு ஒரு செடியும் வந்து சேர்ந்தது, சேர்ந்த பத்தாம் நாளிலிருந்து அந்த எட்டு வீட்டிலும் அசதி என்பதே இல்லாமல் போனது, போன அசதியைத் திரும்பக் கொண்டுவர நான் என்ன பாடு பட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

என் பெயர் கோகிலவாணி, பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். குடும்பத்துக்காக நின்றேன் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டுவார்கள், அப்படி ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். அம்மா பெயர் மாரிக்கனி. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறியவள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் தைத்துத் தள்ளுகிற துணியைப் பக்கத்தில் நின்று மடித்து அடுக்குகிறது என் வேலை, அதற்குக் கைமடி என்று பெயர். அப்பா ஊரில் வேறு ஒரு வீட்டில் இருக்கிறார், அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

கம்பெனியில் எங்கள் தையல் லைனை எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டர் நாச்சிமுத்து மகளுக்குக் கல்யாணம் வந்தது. இப்போதெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக மரக்கன்று கொடுக்கிறார்கள் இல்லையா, அங்கேயும் மண்டப வாசலில் வேம்பு, நெல்லி, புங்கம் என்று சீட்டு ஒட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். ஆனால் அம்மா பந்தியில் ரசம் வருவதற்குள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள், எழுப்ப எனக்கு மனசில்லை, இலை எடுக்கிறவர்கள் அவள் இலையை மட்டும் விட்டுவிட்டு எடுத்தார்கள், நாங்கள் வாசலுக்கு வந்தபோது எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு கறுப்பு கவர் மட்டும் கிடந்தது, அதில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு செடி, சீட்டு இல்லை.

பெண்ணுக்குத் தாய்மாமா அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது லிஸ்டுலயே இல்லீங்களே அம்முணி. நர்சரிக்காரன் தவறி ஏத்திட்டானாட்ட இருக்குது. பரவால்ல, எடுத்துட்டுப் போங்க, வெறுங்கையோட அனுப்புனா நல்லாருக்காது."

வீட்டுக்காரர் சென்னியப்பன் மண்ணில் எதையும் நட விடமாட்டார், வேர் போய்ச் சுவரைப் பிளந்துவிடுமாம், சுவர் ஏற்கெனவே பிளந்துதான் இருக்கிறது. அதனால் காலி பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு வைத்தோம். பெயர் தெரியாத செடிக்குத் தண்ணீர் நிறைய ஊற்றுவதா கொஞ்சமா, வெயிலில் வைப்பதா நிழலிலா என்று தெரியாமல் நான் நாலு பேரைக் கேட்டேன், கேட்டதுதான் தப்பு. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா, தூத்துக்குடிக்காரி, இலையைக் கசக்கி மோந்துவிட்டு நொச்சி என்றாள். மூன்றாம் வீட்டு காஜா அண்ணன், கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், "நொச்சி எலை இப்படியா இருக்கும் பாப்பா, இது சீத்தா" என்றார். வீட்டுக்காரர் எருக்கஞ்சாதி, ஆடுகூடத் திங்காது என்றார். போனில் படம் எடுத்துக் காட்டினால் பெயர் சொல்கிற ஆப் ஒன்று காலையில் கத்தரி என்றது, மதியம் ஆடாதொடை என்றது, சாயங்காலம் இது செடியே இல்லை என்றது. நர்சரியில் போய்க் கேட்டால் அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குரோட்டன்ஸ் ரகம்மா, வேப்பம்புண்ணாக்கு ஒரு பாக்கெட் வாங்கிக்க" என்றான். தெரியாது என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்து, சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன் அவள் தினமும் "அப்பாடா" என்பாள். அவள் மட்டுமில்லை, எட்டு வீட்டிலும் வேலைக்குப் போய் வந்தவர்கள் அவரவர் வாசலில் உட்கார்ந்து ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அப்பாடா, அப்பாடா என்பார்கள், எல்லாம் சேர்ந்து வந்தால் குழாயடியில் தண்ணீர் குடிக்கிற காக்கா பறந்துவிடும். அன்றைக்கு அம்மா வாயைத் திறந்தாள், அந்த வார்த்தையைத் தேடினாள், வரவில்லை, மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து வாசல் கூட்டினாள், பாத்திரம் துலக்கினாள், ஒரு வருஷமாகத் துவைக்காத கம்பளியை எடுத்துத் துவைத்தாள். செடியில் ஒரு இலை சாம்பல் நிறமாகிக் கீழே விழுந்தது, மறுநாள் காலையில் அந்த இடத்தில் இரண்டு துளிர் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"என்னான்னு தெரியல புள்ள. ரெண்டு காலும் இருக்கான்னே தெரியல, அம்புட்டு லேசா இருக்கு."

அடுத்த நாள் ஜெசிந்தா அக்கா உட்கார்ந்து பார்த்தாள், அவளுக்கும் அப்படியே. அதற்கடுத்த நாள் காஜா அண்ணன். அந்த வாரக் கடைசியில் குழாய்க்குக் குடம் வைத்து இடம் பிடிப்பது போலச் செடிக்கும் குடம் வைத்து இடம் பிடித்தார்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம், செருப்போடு வரக்கூடாது, பேசக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டார்கள், யார் போட்டது என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஐந்தாம் வீட்டு அக்கா ஊரில் இருக்கிற மாமியாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரை வைத்து வாளிக்குப் பக்கத்தில் பிடித்தாள், அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது, வெளியூர் அசதியை எல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டக்கூடாது என்று. ஒருத்தி தண்டில் மஞ்சள் துணி கட்டினாள், ஜெசிந்தா அக்கா ஜெபமாலையைத் தொங்கவிட்டாள், காஜா அண்ணன் பார்த்துவிட்டு, "எல்லாருஞ் சேந்து அது கழுத்த நெரிச்சுராதீங்கம்மா" என்றார். சென்னியப்பன் முதலில் கூட்டம் கூடுகிறது, வாளியை எடு என்று கத்தினார், ஒருநாள் கத்திக் களைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், அப்புறம் தினமும் நாலு மணிக்கெல்லாம் முதல் குடம் அவருடையதுதான்.

அசதி போய்விட்டால் ஜனங்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் திருப்பூருக்கு வந்ததில்லை. ஒரு ஷிப்ட் பார்த்தவர்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள், ஒன்றரை பார்த்தவர்கள் இரண்டு பார்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்து மத்தியானம் குப்புறப் படுத்துக் கிடந்தவர்கள் அன்றைக்கும் கம்பெனிக்குப் போனார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆள் இல்லை. உட்கார்ந்தால்தானே பேச்சு வரும்.

எனக்கும் ஒரு மாதம் அந்தச் செடி வேலை செய்தது, பொய் சொல்லவில்லை. பிறகு நான் போவதை நிறுத்திக்கொண்டேன், பெரிய ஞானம் எல்லாம் இல்லை, அசதியாக இருக்கிறது என்று சொல்லித்தான் நான் பாத்திரம் கழுவாமல் தப்பிப்பேன், அதுவும் போய்விட்டால் என் கதி என்ன? அதனால் அந்த எட்டு வீட்டில் அசதி இருந்த ஒரே ஆள் நான். வேலைக்குப் போய் வந்து படியில் தொப்பென்று உட்கார்ந்தால் எல்லாரும் ஏதோ வியாதிக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

சித்திரையில் செடி காய்த்தது. சுண்டைக்காய் மாதிரி, ஆனால் சாம்பல் பூசின மாதிரி நிறம், கொத்துக்கொத்தாக. பறித்தால் செடி கோபித்துக்கொள்ளும் என்று யாரும் தொடவில்லை, அது வளர வளரக் காயும் பெருகிக்கொண்டே போனது, வாளி ஒரு பக்கம் சாய்ந்தது, செங்கல் முட்டுக் கொடுத்தார்கள்.

ஆடி பிறந்ததும் அம்மாவின் வளையல் தானாகக் கழன்று மிஷினுக்குள் விழுந்தது. மணிக்கட்டு அவ்வளவு இளைத்திருந்தது. மூன்றாம் நாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் முன்னால் சரிந்து மிஷின் மேல் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சீட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஆறுதான் இருக்கு. நீங்க எந்திரிச்சு நிக்கறதே எனக்கு ஆச்சரியமா இருக்கு. மூச்சு வாங்கலையா? களைப்பா இல்லையா?"

"எனக்கு ஒரு களைப்பும் இல்லீங்கம்மா. நல்லாத்தேன் இருக்கேன்."

"ஒரு மாசம் படுத்தே கிடக்கணும். ஊசியும் மாத்திரையும் நான் தருவேன், படுக்கறது நீங்கதான் படுக்கணும். இல்லைன்னா ஒருநாள் இதயம் அப்படியே நின்னுரும்."

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தேன். அம்மா படுத்தாள், இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்தாள், எழுந்து அரிசி களைந்தாள்.

"படும்மா."

"படுத்து என்னத்தடி செய்ய? தூக்கமும் வரல, அசதியும் இல்ல. கட்டையாட்டம் கெடக்கச் சொல்லுதியா?"

"டாக்டர் சொன்னது காதுல விழல?"

"அந்தம்மா படிச்சவக, ஆயிரம் சொல்லுவாக. என் ஒடம்பு எனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியவில்லை, அதுதான் விஷயமே. அவள் உடம்பு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதை எல்லாம் தினமும் அந்த வாளியில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் எனக்கு முன்னால் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை ஓங்கி ஒரு எத்து எத்தினேன். ஒரு காய் உதிர்ந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதே ஆத்திரத்தில் அதை எடுத்துக் கடித்தேன்.

கசப்பு. அப்புறம் வலது தோள்பட்டை இறங்கிப்போனது, உள்ளங்கையில் சூடு ஏறியது, மூக்கு முழுக்க நீராவியும் நனைந்த துணியும் மணத்தது, எட்டுக் கிலோ இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்கத் தேய்த்த கை மாதிரி என் கை தொங்கியது. நான் பெட்டியைத் தொட்டதே இல்லை. வாசலிலேயே விழுந்தேன், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் படுத்துக் கிடந்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது, அது காஜா அண்ணனுடைய அசதி, ஏதோ ஒரு நாளைக்குரியது. செடி எதையும் தின்னவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்திருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்வதற்குள், சனிக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டர் நாச்சிமுத்து காம்பவுண்டுக்கு வந்தார். எட்டு வீட்டு ஆட்கள் மட்டும் எப்படி இவ்வளவு பீஸ் தைக்கிறார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நாற்காலி போட்டு வாளிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு இலைகூட விழவில்லை.

"எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே?" என்றார்.

"இருந்தாத்தானங்க எடுக்கும்" என்றாள் ஜெசிந்தா அக்கா, குடத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "திங்கக்கெழம காலைல வண்டி அனுப்பறேன் மாரிக்கனி. கம்பெனி வாசல்ல, வருகை வெக்கற பஞ்சிங் மிஷினுக்குப் பக்கத்துல வெச்சுரலாம். போக வர எல்லாரும் தொட்டுக்கட்டும். என்ற புள்ள கல்யாணத்துல குடுத்த செடிதானுங்களே இது."

"உங்க செடிதேன், எடுத்துக்கங்கண்ணே" என்றாள் அம்மா.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறது எந்த ஊர்ப் பழக்கம்?" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளின விரலில் வலுவே இல்லை.

எனக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். அம்மா அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தாள், காம்பவுண்டில் முக்கால்வாசிப் பேர் போயிருந்தார்கள். வாளிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கொத்திலும் ஒரு காயை நகத்தால் கீறி நாக்கு நுனியில் வைத்தேன், வைத்தவுடன் துப்பினேன், இந்தச் செடி என்ன செடி என்று ஊரெல்லாம் கேட்டதற்குப் பதில், காய்த்த முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். கண் எரிந்து இடுப்பு ஒடிந்தால் அது நாள் முழுக்கக் குனிந்து துணி செக்கிங் பார்க்கிற ஜெசிந்தா அக்கா. முட்டியில் குத்தினால் போனில் வந்த ஐந்தாம் வீட்டு மாமியார். மேல் கிளையில் பெரிய பெரிய காயாக நாலு இருந்தது, அதை நக்கினால் உடம்பில் ஒரு வலியும் இல்லை, ஒரு பெரிய வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தனியாகச் சோறு போட்டுத் தின்கிற மாதிரி இருந்தது, அது சென்னியப்பன் என்று தெரிந்து, அவரை நான் திட்டினதில் பாதியை மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுடையது எல்லாவற்றுக்கும் கீழே, வாளி விளிம்பை ஒட்டி, மண்ணில் பட்டுக்கொண்டு கிடந்தது, வேறு யாரும் அவ்வளவு கீழே குனிந்து உட்கார்ந்ததில்லை. மிஷின் சத்தம் வரும், பஞ்சு வாடை வரும், கால் கடுக்கும் என்று நினைத்து நக்கினேன். அதுவும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு, கூட்டமான ஒரு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டிருக்கிற கனம், கை மரத்துப் போயும் மாற்றுத் தோளுக்கு மாற்றினால் பிள்ளை எழுந்துவிடும் என்று மாற்றாமல் நிற்கிற கனம். அந்தப் பிள்ளை நான்தான். நல்ல கனமாக இருந்தேன்.

கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு முறத்தைக் கொண்டுவந்து அம்மா காயை எல்லாம் ஒன்று விடாமல் பறித்தேன். மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்தால் ஆள் தாங்காது, அதற்குக்கூட எனக்குப் புத்தி இருந்தது. அதனால் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை மோரில் உப்புப் போட்டு ஊறவைத்தேன், சிமெண்ட் சீட் மேல் காயவைத்து வத்தல் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று. எடுத்துவைத்த கைப்பிடியை நசுக்கி நல்லெண்ணெயில் வதக்கிப் புளிக்குழம்பு வைத்தேன்.

அம்மா நாலு மணிக்கு வந்தாள். நின்றபடியே தட்டை வாங்கிக்கொண்டாள், அவள் உட்கார்ந்து சாப்பிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல் வாய் போட்டாள். இரண்டாம் வாய். டாக்டரம்மா சொன்ன இதயம் இதிலேயே நின்றுவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மூன்றாம் வாய்க்கு அவள் முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள், தட்டு சாய்ந்தது, நான் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் ஒரு நொடியில் பத்து வயது கூடிப்போனது, கண்ணுக்குக் கீழே கறுத்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, முதல்முறையாக மூச்சு வாங்கியது. தலையைச் சுவரில் சாய்த்தாள்.

"அப்பாடா" என்றாள்.

குழாயடியில் இருந்த காக்கா பறந்தது.

ஜெசிந்தா அக்கா அப்போதுதான் வேலை விட்டு உள்ளே வந்தாள், வாசலில் நின்றுவிட்டாள். "ஏட்டி கோகி, அது யார் சத்தம்? அந்தச் சொல்லக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!" நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் செடியைச் சுற்றி வந்து, "எனக்குள்ளது எது?" என்று கேட்டாள். காட்டினேன். பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, தன் கைப்பிள்ளையை யாரிடமிருந்தோ வாங்கிக்கொண்டு போகிறவள் மாதிரி வீட்டுக்குள் போனாள். சென்னியப்பன் கேள்விப்பட்டு வந்து, நான் காட்டின நாலையும் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காஜா அண்ணன் மட்டும் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "மக நிக்காஹ் முடியட்டும் பாப்பா. அதுவரைக்கும் அங்கனயே இருக்கட்டும்." அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் வண்டி வந்து செடியை ஏற்றிக்கொண்டு போனது. அது இப்போது பஞ்சிங் மிஷினுக்குப் பக்கத்தில் பெரிய சிமெண்ட் தொட்டியில் நிற்கிறது, பெயர் வேண்டும் என்று யாரோ ஒரு பலகையில் ஊழியர் நலச் செடி என்று எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கதவுக் கைப்பிடியைத் தொடுவது மாதிரி அதைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் நிற்பதில்லை. காய்ப்பது என்ன காய் என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மா மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது பாதிக் கண்ணைத் திறந்து, "அன்னைக்குக் கொழம்புல என்னத்தடி போட்ட?" என்றாள்.

"உன்னுதுதான்."

"கசந்துச்சு."

"தெரியும்."

"உப்பும் கம்மி" என்றுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

டப்பாவில் வத்தல் இருக்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலு வத்தல் வறுத்துப் போடுகிறேன், தெரிந்துதான் சாப்பிடுகிறாள். ஊசி போட நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் மிஷினில் இப்போது வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு நான் கைமடி. அந்தப் புது ஆள் தினமும் தொட்டியைத் தொட்டுவிட்டு வருகிறவள், மிஷினை நிறுத்துவதே இல்லை, நான் மடிக்க மடிக்கத் துணி வந்து குவிந்துகொண்டே இருக்கிறது. வேலை விட்டதும் நான் பஞ்சிங் மிஷின் வழியாகப் போகாமல் கேன்டீனைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறேன், அதற்கு நூறு அடி கூடுதலாக நடக்க வேண்டும், அந்த நூறு அடியும் காலில் தெரிகிறது.

நேற்றும் அப்படித்தான் வந்தேன். பையைப் போட்டேன். அம்மா படுத்திருந்த பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன், நானே எதிர்பார்க்காமல் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"என்னடி, கெழவியாட்டம்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலேயே. பிறகு சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்து, பாயில் எனக்கு இடம் விட்டாள்.